பஸ் உண்டு, எத்தனை மணிக்கு?

மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடு என்று ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்ததும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்றாக வெளியாகும். அதில் ஊருக்கு ஒரு வரி. இத்தனை வீடு, இத்தனை ஆண், இத்தனை பெண், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இத்தனை பேர், பள்ளி உண்டா, தபால் நிலையம் உண்டா, பஸ் உண்டா, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று கட்டம் கட்டமாகப் போகும். கைபேசியில் உங்கள் ஊர்ப் பெயரைத் தட்டினால் வருவதும் பெரும்பாலும் இதே வரிதான்.

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களை எடுத்துக்கொண்டு அந்த ஒரு வரியை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். ஊர் சின்னதாக இருந்தால் பஸ் வராது, தூரமாக இருந்தால் பஸ் வராது என்று பொதுவாக நினைக்கிறோம். புதுச்சேரியின் கிராமப்புறத்தில் இந்த இரண்டுமே முழுக்கச் சரியில்லை. இங்கே எந்த ஊரும் அப்படி ஒன்றும் தூரமில்லை. சின்னது என்று நாம் சொல்லும் ஊரும் நாட்டுக் கணக்கில் சின்னதில்லை.

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை 12,47,953. இதில் கிராமப்புறத்தில் இருந்தவர்கள் 3,95,200 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. கணக்கெடுப்பு கண்ட கிராமங்கள் 90. வகுத்துப் பார்த்தால் ஒரு கிராமத்துக்குச் சராசரியாக 4,400 பேர். இந்தியா முழுவதையும் எடுத்தால் ஆள் வசிக்கும் கிராமங்கள் ஏறத்தாழ 5.97 லட்சம், அவற்றில் 83 கோடிப் பேர். சராசரி 1,400கூட வராது. ஆக, புதுச்சேரியின் ‘சராசரி’ கிராமம் இந்தியச் சராசரிக் கிராமத்தைப் போல மூன்று மடங்கு. நெருக்கமும் அப்படித்தான். புதுச்சேரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 3,232 பேர். தமிழ்நாட்டில் 555. நாட்டுக்கு 382.

இந்தச் சராசரியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கணக்கெடுப்பில் ‘கிராமம்’ என்பது வருவாய்க் கிராமம். அதன் எல்லைக்குள் ஊர், பேட்டை, குப்பம், காலனி என்று நான்கைந்து குடியிருப்புகள் இருக்கலாம். ஊருக்குள் பஸ் வந்தால் கிராமத்துக்கே பஸ் வந்ததாகத்தான் எழுதுவார்கள். பஸ் நிற்கும் இடம் பெரும்பாலும் கோயில் பக்கம் அல்லது மெயின் ரோட்டு முக்கு. காலனி அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கும். அந்த ஒரு கிலோமீட்டர் எந்தக் கட்டத்திலும் ஏறாது. பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று எண்ணும் அதே புத்தகம், யாருடைய வாசலிலிருந்து பஸ் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்பதில்லை.

பெயர்க் குழப்பம் வேறு இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சி 1880இல் கொண்டுவந்த உள்ளாட்சி ஏற்பாட்டின் மிச்சம். ஆனால் கணக்கெடுப்பு வட்டத்தை வைத்து நடக்கிறது. வில்லியனூர் வட்டத்துக்குள் மண்ணாடிப்பட்டு கொம்யூனும் அடங்கும். பாகூர் வட்டத்துக்குள் நெட்டப்பாக்கம் கொம்யூனும் அடங்கும். சட்டமன்றத் தொகுதி எல்லை இரண்டோடும் ஒட்டாது. ஊர்க்காரர் சொல்லும் ‘நம்ம பாகூர்’ ஒன்று, அட்டவணையின் பாகூர் இன்னொன்று. போதாக்குறைக்கு வில்லியனூரே 2011 கணக்கில் கிராமம் இல்லை. 5,000 பேருக்கு மேல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்கு மேல், வேலை செய்யும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயத்துக்கு வெளியே என்ற மூன்றும் சேர்ந்தால் அந்த இடத்தைக் கணக்கெடுப்பு ‘நகரம்’ என்று எழுதிவிடும். நகராட்சி இருக்கிறதா, இல்லையா என்று பார்க்காது. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தின் கீழ் இருக்கிறது, ஆனால் நகரம். கிராம அட்டவணையில் தேடினால் கிடைக்காது.

இப்போது பஸ் கட்டத்துக்கு வருவோம். வசதி ஊருக்குள் இருந்தால் ‘உண்டு’. இல்லையென்றால் மிக அருகில் எங்கே கிடைக்கிறது என்பதற்கு மூன்று எழுத்துகள். 5 கிலோமீட்டருக்குள் என்றால் ‘ஏ’, 5 முதல் 10 வரை ‘பி’, 10க்கு மேல் போனால் ‘சி’. ராஜஸ்தானத்துப் பாலைவனத்தையும் அருணாசல மலையையும் ஒரே படிவத்தில் அடக்க வேண்டியிருக்கிறதே, அதற்கு இது போதும். சுமார் 294 சதுர கிலோமீட்டரே உள்ள புதுச்சேரி மாவட்டத்துக்கு இந்த அளவுகோல் மிகவும் பெரியது. இங்கே ஒரு கிலோமீட்டர் நடப்பவரும் நான்கரை கிலோமீட்டர் நடப்பவரும் ஒரே ‘ஏ’தான்.

அதைவிடப் பெரிய ஓட்டை ‘உண்டு’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது நடை வரும் ஊருக்கும் ‘உண்டு’தான். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை மட்டும் வரும் ஊருக்கும் ‘உண்டு’தான். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை வருமா, பள்ளி விடுமுறையில் நடையை வெட்டுவார்களா, மழை பெய்தால் ஊருக்குள் வருமா, முக்கோடு திரும்பிவிடுமா என்பதெல்லாம் படிவத்தில் இல்லை. பஸ்ஸை நம்பிப் பிழைப்பவருக்கு இவைதான் கேள்வி. ஆறு மணிக்குக் கடைசி பஸ் என்றால் புதுச்சேரித் துணிக்கடையில் எட்டரை மணி வரை நிற்க வேண்டிய வேலைக்கு அந்த ஊர்ப் பெண் போக முடியாது. ஊரில் பஸ் இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்குப் பஸ் இல்லை.

யார் எதில் போகிறார்கள் என்று கணக்கெடுப்பு கேட்காமல் இல்லை. 2011இல் வேலைக்குப் போகும் தூரமும் வாகனமும் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி விவசாயிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டுத் தொழில் செய்பவர்களுக்கும் கிடையாது. ‘மற்ற தொழிலாளர்’ என்று பிரித்தவர்களுக்கு மட்டும். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பேர் பெற்ற பூமி. நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் பெண்கள் விடியற்காலையில் குட்டியானை வண்டியில் நின்றபடி ஊர் விட்டு ஊர் போவார்கள். பயணம் என்றால் இதுவும் பயணம்தான். கணக்கெடுப்பின் கண்ணில் இவர்கள் வேலைக்குப் பயணம் செய்யாதவர்கள்.

அடுத்தது எல்லை. புதுச்சேரியைத் தவிர வேறெங்கும் இந்தப் பிரச்சினை இந்த அளவுக்குக் கிடையாது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வரைபடத்தில் புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இருக்காது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குள் தெளித்துவிட்டதுபோலப் பல துண்டுகள். நவாப் சந்தா சாகிப் 1749இல் கொடுத்த ஊர்கள் தொடங்கி, பிரெஞ்சுக்காரர்களிடம் வந்ததும் போனதும் திரும்பி வந்ததுமாகப் பல போர்களுக்குப் பின் மிஞ்சிய கோடுகள் இவை. பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், கோடுகள் போகவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில்தான் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் முடிந்தது. கீழூரில் நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று அந்தச் சின்ன ஊருக்கு வரும் கார்களின் வரிசையைப் பார்த்தால் அது போக்குவரத்துக் குறைவான ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் போய்ப் பாருங்கள். வில்லியனூர், அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் திருவாண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு என்று மறுபடியும் புதுச்சேரி. அதையும் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. எல்லை எங்கே என்று பயணிக்குச் சொல்வது மைல்கல் இல்லை, மதுக்கடை போர்டுதான். வடக்கே சேதராப்பட்டு வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்தது, தொழிற்பேட்டை இருக்கிற இடம். அங்கே போகவும் நடுவில் தமிழ்நாட்டைத் தொட வேண்டும். தெற்கே கரையாம்புத்தூர், மணமேடு பக்கமும் கோடு இப்படித்தான் உள்ளேயும் வெளியேயும் போகும்.

இந்த இடத்தில் சட்டம் நுழைகிறது. பஸ் ஓட்டப் பெர்மிட் வேண்டும். ஒரு மாநிலம் கொடுத்த பெர்மிட் இன்னொரு மாநிலத்தில் செல்ல வேண்டுமானால் அந்த மாநிலம் மேலொப்பம் போட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, நடுவில் மட்டும் வேறு மாநிலத்தின் வழியாகப் போக நேர்ந்தால், அந்த நடுத்துண்டு 16 கிலோமீட்டருக்கு மேல் போகாத வரை மேலொப்பம் தேவையில்லை. புதுச்சேரியிலிருந்து மதகடிப்பட்டுக்கோ சேதராப்பட்டுக்கோ போகும் புதுச்சேரி பஸ் கண்டமங்கலத்தையோ வேறு தமிழ்நாட்டு ஊரையோ தாண்டிப் போவதில் சட்டச் சிக்கல் எழாமல் இருப்பதற்கு இந்த விலக்கு போதும்.

பாகூரை எடுத்தால் நிலைமை தலைகீழ். பாகூரிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கடலூர் அதில் பாதித் தூரம்தான். குருவிநத்தம், சோரியாங்குப்பம், பரிக்கல்பட்டு மாதிரியான தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குக் கடலூர்தான் மளிகைக்கும் துணிமணிக்கும் கல்யாணச் சாமானுக்கும் கைக்கெட்டிய டவுன். ஆனால் சோரியாங்குப்பத்தில் கிளம்பிக் கடலூரில் போய் நிற்கும் பஸ் ஒரு மாநிலத்தில் தொடங்கி இன்னொன்றில் முடிகிறது. 16 கிலோமீட்டர் விலக்கு அதற்குப் பொருந்தாது. இரு அரசுகளும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, இந்த ரூட்டில் உங்களுக்கு இத்தனை பஸ், எங்களுக்கு இத்தனை பஸ் என்று பிரித்துக்கொண்டால்தான் கூடுதலாக ஒரு பஸ் ஓடும். பக்கத்து டவுனுக்குப் பஸ் விட இரண்டு தலைமைச் செயலகம் கையெழுத்துப் போட வேண்டும், தூரத்து டவுனுக்கு ஒன்று போதும். கணக்கெடுப்புப் புத்தகத்தில் ‘அருகிலுள்ள நகரம்’ என்ற கட்டத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். தரைவழித் தூரமும் பெர்மிட் தூரமும் ஒன்றல்ல.

ரயிலும் இதே மாதிரி. விழுப்புரம் – புதுச்சேரிப் பாதை 1879இல் திறந்தது. வில்லியனூரில் அப்போதிருந்தே ஸ்டேஷன் உண்டு, அடுத்தது சின்னபாபுசமுத்திரம். ஆக வில்லியனூர் பக்கத்து ஊர்களுக்கு ரயில் கட்டத்தில் ‘ஏ’ விழும். அந்தப் பாதையில் ஒரு நாளில் போகும் ரயில்கள் மிகக் குறைவு என்பதால் அந்த ‘ஏ’யை வைத்துக்கொண்டு யாரும் தினசரிப் பிழைப்பைத் திட்டமிட முடியாது. பாகூர்ப் பக்கம் தண்டவாளமே கிடையாது. தென்பெண்ணையின் அந்தக் கரையில் விழுப்புரம் – கடலூர்ப் பாதையில் நெல்லிக்குப்பம் ஸ்டேஷன் இருக்கிறது. பறவைக்குப் பக்கம். மனிதர்களுக்கு நடுவில் ஆறும் எல்லையும். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடற்கரையோரமாக ஒரு ரயில் பாதை போடும் பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. பேச்சில் ஓடும் ரயில் கட்டத்தில் ஏறாது.

சரி, சட்டமும் எல்லையும் தொல்லை தராத ஊர்களில் என்ன நடக்கிறது? அங்கே எண்ணிக்கை வேலை செய்கிறது, ஆனால் நாம் நினைக்கிற மாதிரி அல்ல. ஒரு கற்பனை ஊரை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மக்கள்தொகை 1,200. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 300 வீடு. ஆறு வயதுக்குட்பட்டவர்கள் பத்தில் ஒரு பங்கு, 120 பேரைக் கழியுங்கள். மிச்சம் 1,080. வீட்டில் இருப்பவர்கள், வயலில் வேலை செய்பவர்கள், உள்ளூர்ப் பள்ளிக்குப் போகிறவர்கள் எல்லாம் சேர்ந்து பாதிக்கு மேல் என்று வைத்தால், ஊரைவிட்டு வெளியே போக வேண்டியவர்கள் ஒரு 450 பேர். இதில் 250 பேரைச் சொந்த பைக்கும் ஸ்கூட்டியும் கொண்டுபோய்விடும். கம்பெனி வண்டியும் கல்லூரி வண்டியும் வந்து ஒரு 60 பேரை ஏற்றிக்கொள்ளும். பஸ்ஸுக்கு மிஞ்சுவது 140 பேர். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளும் டவுனில் வேலை செய்யும் பெண்களும் வயதானவர்களும்தான் அவர்கள். அந்த 140 பேரில் நூறு பேருக்குக் காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் போயாக வேண்டும். எட்டு மணி பஸ்ஸில் படியில் தொங்குவார்கள். பதினொரு மணி பஸ்ஸில் ஆறு பேர் இருப்பார்கள்.

தனியார் பஸ் முதலாளிக்கு ஒரே கணக்கு, கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்பது. கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. டீசல் விலையை அவர் நிர்ணயிக்க முடியாது. எனவே அவர் கையில் இருப்பது நடை மட்டும். பதினொரு மணி நடையை வெட்டுவார், மதியம் ஒன்றை வெட்டுவார். இடையில் பஸ் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் வசதி வந்தவர்கள் தவணையில் ஒரு வண்டி எடுப்பார்கள். அவர்கள் போனதும் எட்டு மணி பஸ்ஸிலும் ஆள் குறையும். இப்படி ஊரில் மக்கள்தொகை கூடக்கூட பஸ் குறைகிற விசித்திரம் நடக்கும். 2001இலிருந்து 2011க்குள் புதுச்சேரியின் மக்கள்தொகை 28 சதவீதம் கூடியது. கிராமத்துப் பஸ் நடையும் அதே விகிதத்தில் கூடியது என்று சொல்லக்கூடிய ஊர்க்காரர் ஒருவரை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

வீட்டுக்கு ஒரு வண்டி என்றால் வீட்டில் எல்லோருக்கும் வண்டி என்று பொருளில்லை. காலையில் அதை எடுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் வீட்டு ஆண். மனைவியும் மாமியாரும் பத்தாவது படிக்கும் பெண்ணும் பஸ்ஸைத்தான் பார்க்க வேண்டும். கணக்கெடுப்பு வீட்டில் இருசக்கர வாகனம் இருக்கிறதா என்று கேட்கும். சாவி யாரிடம் என்று கேட்காது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் புதுச்சேரியில் விதவிதமான வண்டிகள் ஓடுகின்றன. நகர வட்டாரத்தில் டவுன் பஸ்கள் பெரும்பாலும் தனியார் கையில். அரசுக்குப் பி.ஆர்.டி.சி. என்ற போக்குவரத்துக் கழகம் உண்டு. மெயின் ரோடுகளில் டெம்போ உண்டு. கை காட்டினால் நிற்கும், ஆள் நிரம்பினால் கிளம்பும், நிரம்பாவிட்டால் நம் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் டெம்போவுக்கு ஆள் நிறைந்த சாலை வேண்டும். உள்ளே மூன்று கிலோமீட்டரில் இருக்கிற ஊருக்கு அது வராது. பிள்ளைகளுக்கு அரசு மாணவர் சிறப்புப் பஸ் விட்டது. ஒரு ரூபாய் பஸ் என்று சொன்னால்தான் ஜனங்களுக்குத் தெரியும். நல்ல ஏற்பாடுதான், ஒரே ஒரு குறை. அதே நேரத்தில், அதே சாலையில், அதே ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் காத்திருக்கும் பாட்டிக்கு அதில் இடம் கிடையாது.

இன்னொன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம், விழுப்புரம் சாலையில் அரியூர் என்று தனியார் மருத்துவக் கல்லூரிகள் இந்தக் கிராமங்களில்தான் நிற்கின்றன. பாகூருக்கு இது புதிதுமல்ல. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்திலேயே அங்கே இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு ஊர்களைத் தானம் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. இன்று காலையும் மாலையும் மஞ்சள் வண்டிகளும் வெள்ளை வண்டிகளும் வரிசையாக ஊரைக் கடக்கும். பாதி இருக்கை காலியாகப் போகும் வண்டிகூட நிற்காது. ஒரு சாலையில் நான்கு வகை பஸ் ஓடி, ஊர்க்காரர் ஏறக்கூடியது ஒன்றே ஒன்று என்பதைப் போக்குவரத்து வசதி என்று எழுதுவதா, வேடிக்கை என்று எழுதுவதா?

ஆறு, ஏரி, வாய்க்கால் பற்றியும் சொல்லியாக வேண்டும். வில்லியனூருக்குச் சங்கராபரணி, பாகூருக்குத் தென்பெண்ணை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. வயலுக்கு வரம். சாலைக்கு ஆபத்து. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதையாவது பார்த்துக்கொள்ளலாம். மழை ஓய்ந்த பிறகு, எங்கோ மேலே சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அந்த நாட்களில் சாலைகள் அறுந்து, படகும் டிராக்டருமே போக்குவரத்தாக இருந்தன. ‘எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலை’ என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்று குறித்த ஊர்களுக்கும் அன்று சாலை இல்லை.

அண்டை மாநிலம் என்ன செய்தது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 1997இல் மினி பஸ் திட்டம் வந்தது. பெரிய பஸ் போகாத பாதையில் 16 கிலோமீட்டர், பஸ் ஓடும் பாதையில் 4 கிலோமீட்டர் என்று தனியாருக்குச் சின்ன வண்டிப் பெர்மிட். குக்கிராமத்துக்குள் நுழைந்து ஆளைப் பொறுக்கிக்கொண்டு வந்து டவுன் விளிம்பில் இறக்கிவிடும். பல ரூட்டுகள் நாளடைவில் நின்றுபோயின. டவுன் விளிம்பில் இறங்கி மறுபடி ஒரு பஸ் ஏற யாருக்கும் பிடிப்பதில்லை, வசூலும் கட்டவில்லை. 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் புதுப்பித்துத் தொடங்கிய திட்டத்தில் ரூட் 25 கிலோமீட்டர் வரை போகலாம், அதில் 65 சதவீதமாவது பஸ் இல்லாத பாதையாக இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற ஏற்பாடும் அங்கே 2021 மே மாதத்திலிருந்து நடக்கிறது. தென்பெண்ணையின் அந்தக் கரையில் ஒரு பெண் அரசு டவுன் பஸ்ஸில் சும்மா ஏறி உட்காரலாம். இந்தக் கரையில் தனியார் பஸ்ஸில் ஏறுபவர் சீட்டு வாங்கியாக வேண்டும்.

மினி பஸ் யோசனை புதுச்சேரிக் கிராமங்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன. பாகூரை நடுவில் வைத்து குருவிநத்தம், சோரியாங்குப்பம், பரிக்கல்பட்டு, சேலியமேடு, அரங்கனூர், குடியிருப்புப்பாளையம் என்று சுற்றி வந்தாலும் தூரம் அதிகமில்லை. 1,200 பேர் உள்ள ஓர் ஊரால் ஒரு பஸ்ஸைத் தாங்க முடியாது. அப்படி ஐந்து ஊர் சேர்ந்தால் அரை மணிக்கு ஒரு சின்ன வண்டியைத் தாங்கும். ஒவ்வோர் ஊரும் தனித்தனியாக ‘எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரிக்கு நேர் பஸ்’ என்று கேட்பதால்தான் யாருக்கும் கிடைப்பதில்லை. நேர் பஸ் கௌரவம். சுற்று வண்டி பிழைப்பு.

கேட்பது யாரிடம்? இங்கேதான் புதுச்சேரிக்கே உரிய இன்னொரு சங்கடம். ஊராட்சித் தலைவரிடம் போகலாமென்றால், உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அதில் தேர்வானவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பின் கொம்யூனை அதிகாரிகள் நடத்துகிறார்கள். ஆகவே ஊரின் பஸ் நேரே எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்குப் போகிறது. 30 தொகுதி உள்ள சின்னச் சட்டமன்றம், எம்.எல்.ஏ. கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார். அது வசதி என்று தோன்றும். தேர்தல் வருஷத்தில் பச்சைக்கொடி அசைத்து விட்ட பஸ் மறு வருஷம் காணாமல் போவதும் அந்த வசதியின் விளைவுதான். பெர்மிட்டில் நேர அட்டவணை எழுதியிருக்கும். கொடி அசைத்த நடை அதில் ஏறியதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் பிறகு பேச ஒரு பிடி இருக்கும். போக்குவரத்துத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

மனு எழுதும்போது மக்கள்தொகையை மட்டும் எழுதாதீர்கள். ‘எங்கள் ஊரில் 1,200 பேர்’ என்றால் அதிகாரிக்கு அது ஒரு எண். காலை எட்டு மணிக்குள் எத்தனை பேர், எங்கே, திரும்பி வருவது எத்தனை மணிக்கு, அவர்களில் வண்டி இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு தாளில் எழுதினால், அது ரூட் போடுபவருக்குப் புரியும் மொழி. 300 வீடு உள்ள ஊரில் சுய உதவிக் குழுப் பெண்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்கள். பக்கத்து நான்கு ஊரின் தாள்களையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. கடலூர் போக வேண்டியவர்களைத் தனியாகக் காட்டுங்கள். அது வேறு கோப்பு, இரு மாநிலக் கோப்பு.

இப்படி நீங்களே எண்ணி எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள் என்று அரசு அறிவித்திருக்கிறது. அதன் ஊர்வாரி எண்கள் அச்சாகி வரும் வரை அலுவலகங்களின் கையில் இருப்பது 2011தான். அன்று ஆறு வயதுக்குட்பட்டவராக எண்ணிய பிள்ளைகளில் பலர் இன்று கல்லூரிக்குப் பஸ் தேடுகிறவர்கள். அவர்களை ‘நிற்கும் பயணி’ என்று யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. எண்ணுபவர் வீட்டுக்கு வரும்போது பதில் சொல்லுங்கள். கிராம வசதிப் படிவம் வீட்டில் நிரப்பப்படுவதில்லை, ஊர் அலுவலர் தகவலை வைத்து எழுதுவார்கள். பஸ் கட்டத்தில் அவர் என்ன எழுதப் போகிறார் என்று அதற்கு முன்பே போய்க் கேட்டுவிடுவது நல்லது.